இருவர் ஏறும் வண்டி: பையூட் மலைத்தடத்தில் ஒரு சுற்று

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஃபிஷ்லேக் தேசிய வனத்தை ஊடறுத்துச் செல்லும் பையூட் ஏடிவி தடம், சுமார் 275 மைல், அதாவது ஏறத்தாழ 440 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு வளையமாகும். வளையம் என்பதால் அதற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. வழியிலுள்ள எந்த ஊரிலும் ஏறி, எந்த ஊரிலும் இறங்கிக்கொள்ளலாம். அப்பகுதியின் பழங்குடிகளான பையூட் மக்களின் பெயரைத் தாங்கிய இத்தடம் துஷர், பாவண்ட், மன்ரோ ஆகிய மூன்று மலைத்தொகுதிகளைக் கடக்கிறது. பிரதான வளையத்திலிருந்து பிரியும் கிளைத்தடங்களையும் சேர்த்தால் அதன் நீளம் ஆயிரம் மைலைத் தாண்டும். மலைத்தடத்தில் ஓட்டிவந்த வண்டியிலேயே ஊருக்குள் நுழைந்து, பெட்ரோல் பங்க் வரையும் தங்கும் விடுதியின் வாசல் வரையும் செல்வதற்கு இங்குள்ள சிற்றூர்கள் பல இடமளிக்கின்றன என்பது, கரடுமுரடான நிலத்தில் பயணம் செய்வோரிடையே இத்தடத்திற்குக் கிடைத்துள்ள புகழுக்கு ஒரு முக்கியக் காரணம்.

இத்தடத்திற்கு வருவோரில் பலர் தனியாக வருவதில்லை; கணவனும் மனைவியும், தந்தையும் மகளும், இரு நண்பர்களும் என இருவர் இருவராகவே வருகின்றனர். ஆகவே இருவரை நம்பிக்கையோடு ஏற்றிச்செல்லும் வண்டி எது என்ற கேள்வி பயணத்திற்கு முன்பே எழுந்துவிடுகிறது. விற்பனைக் கூடங்களில் இக்கேள்விக்குக் குதிரைத்திறன், இஞ்சின் கொள்ளளவு, விலை ஆகியவற்றைக் கொண்டு விடை சொல்லப்படுவது வழக்கம். ஆனால் வளையத்தை ஒருமுறை சுற்றிவருவோர், இஞ்சினின் பலத்தைவிட இரண்டாம் ஆளின் எடை எங்கே அமர்கிறது என்பதும், அந்த எடையோடு வண்டி எப்படி இறங்குகிறது என்பதுமே அதிகம் பொருட்படுத்த வேண்டியவை என்பதைத் தடத்தின் போக்கிலேயே அறிந்துகொள்கின்றனர்.

ஏடிவி என்பது அனைத்து வகை நிலத்திலும் ஓடக்கூடிய வண்டி என்னும் பொருளுள்ள ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கம். குறைந்த காற்றழுத்தமுடைய அகன்ற டயர்களும், மோட்டார் சைக்கிளில் உள்ளதுபோல் இருபுறமும் கால் போட்டு அமரும் இருக்கையும், திருப்புவதற்கு ஹேண்டில்பாரும் அதன் அடையாளங்கள். ஹோண்டா நிறுவனம் 1970-இல் அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்த வண்டி மூன்று சக்கரங்கள் கொண்டது. 1982-இல் சுசுகி நான்கு சக்கர வண்டியை அறிமுகப்படுத்தியது. மூன்று சக்கர வண்டிகள் எளிதில் கவிழ்வதால் விபத்துகள் பெருகவே, அரசுக்கும் உற்பத்தியாளர்களுக்கும் இடையே 1988-இல் நீதிமன்றத்தின் வழியாக ஏற்பட்ட உடன்பாட்டின்படி அவற்றின் விற்பனை நின்றது. 2008-இல் இயற்றப்பட்ட நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டம் புதிய மூன்று சக்கர ஏடிவிகளின் இறக்குமதியையும் விற்பனையையும் தடைசெய்தது. இன்றுள்ள தரவிதி இவ்வண்டிகளை இரு வகையாகப் பிரிக்கிறது: ஓட்டுநர் ஒருவருக்கு மட்டுமேயான முதல் வகை, ஓட்டுநருக்குப் பின்னால் ஒரு பயணி அமர்வதற்கெனத் தனி இடம் அமைக்கப்பட்ட இரண்டாம் வகை.

இந்தப் பிரிவினை வெறும் ஏட்டளவிலானதன்று. ஒருவர் ஓட்டும் ஏடிவியின் இருக்கை நீளமாக இருப்பதைக் கண்டு, அதில் இருவர் தாராளமாக அமரலாம் என்று புதியவர்கள் எண்ணிவிடுகின்றனர். ஏற்றத்தில் முன்னோக்கியும், இறக்கத்தில் பின்னோக்கியும், பக்கச் சரிவில் மேட்டுப்புறமாகவும் ஓட்டுநர் தம் உடலை நகர்த்திச் சமநிலை காக்க வேண்டியிருப்பதால்தான் அவ்விருக்கை நீளமாக அமைக்கப்படுகிறது. பின்னால் ஒருவரை ஏற்றியவுடன் அந்த இடம் பறிபோகிறது. அதோடு பின்னிருப்பவரின் எடை பின் ஆக்சிலின் மேலோ அதற்கும் பின்னாலோ விழுவதால் முன் சக்கரங்களின் மீதுள்ள பாரம் குறைந்து, திருப்பினாலும் வண்டி நேராகவே போக முற்படுகிறது. செங்குத்தான ஏற்றத்தில் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும் அபாயமும் உண்டு. பின்னால் உள்ள சாமான் தட்டின் மீது தனியாக ஓர் இருக்கையை வாங்கிப் பொருத்துவதால் இக்குறை தீராது, கூடவே செய்யும். இருவருக்கெனவே வடிவமைக்கப்பட்ட ஏடிவியில் முன் பின் ஆக்சில்களுக்கு இடையேயான தூரம் நீட்டப்படுகிறது. கேன்-ஆம் நிறுவனத்தின் அவுட்லேண்டர் வரிசையில் ஒருவருக்கான மாதிரியில் 51 அங்குலமாக இருந்த இந்தத் தூரம், இருவருக்கான மேக்ஸ் மாதிரியில் 59 அங்குலமானது. பார்வைக்குச் சிறிதாகத் தெரியும் இந்த 20 சென்டிமீட்டர், பயணியின் எடையை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிப்பதற்காக ஏற்பட்டது.

இருவருக்கான மற்றொரு தீர்வு, ஓட்டுநரும் பயணியும் அருகருகே அமரும் சைடு-பை-சைடு வண்டி. இதில் ஸ்டீயரிங், கால் பெடல்கள், சீட் பெல்ட், கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்புக் கூண்டு ஆகியவை உண்டு. பண்ணை வேலைக்கான இத்தகைய வண்டிகள் முன்பே இருந்தபோதிலும், 2003-இல் வெளிவந்த யமஹா ரைனோவும், 2007-இல் வெளிவந்த போலாரிஸ் ரேசரும் இதைப் பயண வண்டியாகவும் ஆக்கின. ஏடிவியில் பின்னால் அமர்பவர் ஓட்டுநரின் முதுகைப் பார்த்தபடி, அவர் உடல் சாயும் பக்கமே தாமும் சாயவேண்டும். சைடு-பை-சைடில் இருவரும் ஒரே காட்சியைக் கண்டு, வரைபடத்தை ஒருவர் பார்க்க மற்றவர் ஓட்டலாம். இவ்வளவு வசதிகள் இருந்தும், பையூட் தடத்திற்கு வருவோர் கண்ணை மூடிக்கொண்டு சைடு-பை-சைடைத் தேர்ந்தெடுத்துவிட முடியாது. அதற்குத் தடையாக நிற்பது வண்டியின் அகலம்.

வளையத்தில் ஏறுவதற்குப் பலர் தேர்ந்தெடுக்கும் ஊர், செவீர் ஆற்றங்கரையில் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 5,900 அடி உயரத்தில் உள்ள மேரிஸ்வேல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தங்கத்திற்காகவும், 1949-க்குப் பின் யுரேனியத்திற்காகவும் தோண்டப்பட்ட இப்பகுதியில் சுரங்கங்கள் ஓய்ந்துவிட்டன. அவற்றுக்காக வெட்டப்பட்ட மலைப்பாதைகள் பலவற்றில் இன்று ஏடிவிகள் ஓடுகின்றன. மாட்டு வண்டிக்கும் கோவேறு கழுதைக்கும் போடப்பட்ட பாதைகள் குறுகலாகவே இருக்கும். அமெரிக்க வனத்துறை 2005-இல் வகுத்த பயண ஒழுங்கு விதியின்படி, ஒவ்வொரு தேசிய வனமும் எந்தத் தடத்தில் எந்த வண்டி செல்லலாம் என்பதைக் காட்டும் வரைபடத்தை வெளியிட வேண்டும். அவ்வரைபடத்தில் 50 அங்குலத்திற்கு, அதாவது 127 சென்டிமீட்டருக்கு, மேற்படாத வண்டிகளுக்கு மட்டும் என்று குறிக்கப்பட்ட கிளைத்தடங்கள் பல. ஏடிவிகள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் அடங்குகின்றன. சைடு-பை-சைடுகளில் ரேசர் வரிசையின் சில மாதிரிகள், ஹோண்டாவின் பயனியர் 500 போன்ற சிலவே அடங்குகின்றன. 60 அங்குலத்திற்கும் மேற்பட்ட அகலமான வண்டியை வாங்கியவருக்கு இத்தடங்கள் வரைபடத்தில் மட்டுமே காணக்கிடைப்பவை.

அப்படியானால் குறுகலான வண்டியே நல்லது என்ற முடிவுக்கு வருவதும் அவசரமாகும். வண்டி பக்கவாட்டில் கவிழாமல் நிற்கும் திறனை மதிப்பிட எளிய கணக்கு ஒன்று உண்டு: இடது வலது சக்கரங்களின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தில் பாதியை, வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து இருக்கும் உயரத்தால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, அத்தூரம் 100 சென்டிமீட்டராகவும் ஈர்ப்பு மையத்தின் உயரம் 60 சென்டிமீட்டராகவும் இருந்தால் விடை 0.83, அசையாமல் நிற்கும் வண்டி ஏறத்தாழ 40 பாகைச் சரிவு வரை தாங்கும். பயணி ஒருவர் ஏறி ஈர்ப்பு மையம் 75 சென்டிமீட்டருக்கு உயர்ந்தால் விடை 0.67 ஆகக் குறைந்து, தாங்கும் சரிவும் 34 பாகை அளவுக்கு இறங்கிவிடும். ஓடும் வண்டி, அதுவும் வளைவில் திரும்பும் வண்டி, இதைவிடக் குறைந்த சரிவிலேயே கவிழலாம். ரைனோ வண்டிகள் கவிழ்ந்த விபத்துகளை அடுத்து 2009-இல் யமஹா நிறுவனம் அரசின் பாதுகாப்பு ஆணையத்துடன் இணைந்து அறிவித்த திருத்தத்தில், பின் சக்கரங்களை வெளிப்பக்கம் தள்ளிவைக்கும் இடைத்துண்டுகளைப் பொருத்தியதும் இக்கணக்கின் வழிவந்த மாற்றமே. எனவே 50 அங்குல வண்டியைத் தேர்ந்தெடுப்பவர், கூண்டின் கூரைமேல் சாமான் கட்டும் வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். கனமான பொருள்கள் யாவும் தரையோடு ஒட்டித் தாழ்வாக இருக்க வேண்டும்.

மேரிஸ்வேலில் இருந்து மேற்கே துஷர் மலைக்கு ஏறும் பாதையில் எடையின் கணக்கு வெளிப்படத் தொடங்குகிறது. 75 கிலோ எடையுள்ள ஓட்டுநர், 60 கிலோ எடையுள்ள பயணி, பத்து லிட்டர் குடிநீர், கருவிப் பெட்டி, மழையாடை, உணவு, உபரி பெட்ரோல் என்று கூட்டிப்பார்த்தால் 170 கிலோவைச் சாதாரணமாகத் தொட்டுவிடும். வண்டியின் மீது ஒட்டப்பட்டுள்ள எச்சரிக்கைப் பட்டையில் அது சுமக்கக்கூடிய மொத்த எடை குறிக்கப்பட்டிருக்கும். அந்த அளவில் ஆட்களின் எடையும் பின்னர் பொருத்திய உதிரிகளின் எடையும் அடங்கும் என்பதைக் கவனியாமல், அது சாமானுக்கு மட்டுமான அளவு என்று நினைப்போர் பலர். முன் தட்டு, பின் தட்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரம்பு உண்டென்பதால், மொத்தக் கணக்கு சரியாக இருந்தும் பின்தட்டில் மட்டும் பாரம் மிஞ்சுவதுண்டு.

துஷர் யூட்டாவின் உயரமான மலைத்தொடர்களுள் ஒன்று. அதன் தலைச்சிகரமான டெலனோ 12,169 அடி உயரமுடையது. தடமும் சில இடங்களில் 11,000 அடியைத் தொடுகிறது. காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ இல்லாத இஞ்சின், ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ மூன்று விழுக்காடு பலத்தை இழக்கும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. அதன்படி கடல்மட்டத்தில் 45 குதிரைத்திறன் தரும் இஞ்சின், இந்த உயரத்தில் 30-ஐ ஒட்டிய அளவே தரும். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளில் காற்று மெலிந்த உயரத்தில் பெட்ரோலின் விகிதம் மிகுந்து இஞ்சின் திணறுகிறது. காற்றழுத்தத்தை உணர்ந்து எரிபொருளின் அளவை மின்னணு முறையில் மாற்றிக்கொள்ளும் இன்ஜெக்‌ஷன் முறை இக்குறையை நீக்கியது. மலைப்பயணத்திற்கு இரண்டாம்கை வண்டி வாங்குவோர் கார்புரேட்டர் வண்டியைத் தவிர்ப்பதற்கு இதுவே போதிய காரணம்.

ஏற்றத்தில் இஞ்சினுக்கு அடுத்தபடியாகச் சோதனைக்குள்ளாவது பெல்ட். ஏடிவிகளிலும் சைடு-பை-சைடுகளிலும் பெரும்பாலானவை, இரண்டு கூம்பு வடிவக் கப்பிகளுக்கு இடையே ஓடும் ஒரு ரப்பர் பெல்ட்டின் வழியாகவே இஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்திற்குக் கடத்துகின்றன. கப்பிகளின் இடைவெளி விரிந்தும் சுருங்கியும் கியர் மாற்றும் வேலையைத் தாமாகவே செய்வதால் ஓட்டுநருக்கு வேலை குறைவு. ஆனால் இருவரின் பாரத்தோடு செங்குத்தான பாறைப் படிகளில் மெல்ல ஊர்ந்து ஏறும்போது பெல்ட் கப்பியில் வழுக்கிச் சூடேறுகிறது. கருகிய ரப்பரின் வாடை மூக்கில் ஏறிய பிறகு செய்வதற்கு அதிகமில்லை. இதற்கான மருந்து எளியது: ஏற்றத்தின் அடிவாரத்திலேயே வண்டியை நிறுத்தி, கியர்க் கம்பியை 'எல்' என்னும் தாழ்நிலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், அப்போது பெல்ட் வேகமாகச் சுழன்று வழுக்காமல் இழுக்கிறது. இருவர் பயணத்தில் மாற்றுப் பெல்ட் ஒன்றையும், அதைக் கழற்றி மாட்டும் கருவியையும் எடுத்துச்செல்வது அவசியம். பயனியர் 500 போன்ற வண்டிகளில் பெல்ட்டே கிடையாது, பற்சக்கரங்களே உண்டு; வேகத்திற்கேற்ப இழைவாக மாறும் தன்மை குறைந்தாலும் அறுந்துபோக ஒரு பொருள் குறைகிறது என்பதால், நெடும்பயணிகள் இவ்வகையை விரும்புவதில் நியாயம் உண்டு.

முகட்டின் மேல் மரங்கள் ஒழிந்து புல்வெளியும் சரளைக்கல்லும் மட்டுமே மிஞ்சுகின்றன. மேரிஸ்வேல் எரிமலைக் களம் என்று நிலவியலாளர் அழைக்கும் பழைய எரிமலைப் பரப்பின் எச்சமான இம்மலைகளில், சுடுநீர் ஊறிப் பாறையின் தாதுக்களை மாற்றியதால் மஞ்சளும் காவியும் வெண்மையும் கலந்த சரிவுகள் காணப்படுகின்றன. உயரப் பகுதிகளில் கோடையின் தொடக்கம் வரை பனி கிடப்பதால் பயணக்காலம் குறுகியது; கோடையின் நடுப்பகுதியிலோ பிற்பகல்களில் இடிமழை திரள்கிறது. கூரையுள்ள சைடு-பை-சைடு மழையைத் தடுக்கும். மின்னலுக்கு அந்தத் திறந்த கூண்டு புகலிடமாகாது. நண்பகலுக்குள் முகட்டைக் கடந்துவிடுவதே இங்குள்ளோர் கடைப்பிடிக்கும் முறை.

முகட்டிற்கு வடக்கே கிம்பர்லி என்னும் கைவிடப்பட்ட சுரங்க ஊர் உள்ளது. ஆனி லாரி என்ற தங்கச் சுரங்கத்தால் தழைத்து, இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளுக்குள்ளேயே நொடிந்த இவ்வூரில், 1953 முதல் 1961 வரை அமெரிக்கக் கருவூலராகப் பதவி வகித்து, டாலர் தாள்களில் கையெழுத்திட்ட ஐவி பேக்கர் பிரீஸ்ட் 1905-இல் பிறந்தார். இன்று சாய்ந்த மரச்சுவர்களும் ஆலையின் அடித்தளமும் தவிர வேறு அதிகம் இல்லை.

இங்கிருந்து கீழே இறங்கும்போதுதான் வண்டியின் தரம் முழுமையாகத் தெரியவருகிறது. ஏற முடியாத வண்டி நின்றுவிடும், பயணிகள் இறங்கித் திரும்பலாம். இறங்க முடியாத வண்டி நிற்பதில்லை. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மட்டுமே நம்பினால், டிஸ்க்கும் பேடும் சூடேறிப் பிடிப்பு தளரும். ஆகவே ஆக்ஸிலரேட்டரை விட்டதும் இஞ்சினே சக்கரத்தை இழுத்துப்பிடிக்கும் இஞ்சின் பிரேக்கிங் இன்றியமையாதது. பெல்ட் வண்டிகளில் வேகம் குறைந்ததும் கப்பி பெல்ட்டை விட்டுவிடுவதால், இதற்கெனத் தனி அமைப்பு இல்லாத வண்டி நியூட்ரலில் விட்டதுபோல் உருளத் தொடங்கும். யமஹாவின் அல்ட்ராமேடிக் அமைப்பில் பெல்ட் எப்போதும் விறைப்பாகவே வைக்கப்படுவதால் இறக்கத்திலும் பிடி விடுவதில்லை. போலாரிஸ் தன் சில மாதிரிகளில் நான்கு சக்கரங்களுக்கும் இப்பிடிப்பைக் கொண்டுசேர்க்கும் அமைப்பை வைத்துள்ளது. நான்கு சக்கரங்களுக்கும் என்பது இங்கே முக்கியம்: இறக்கத்தில் எடை முன்னோக்கிச் சரிவதால், பின் சக்கரங்களை மட்டும் பிடிக்கும் வண்டியின் பின்புறம் சரளையில் வழுக்கி ஒருபக்கமாக ஒதுங்கும். ஏடிவியில் பின்னிருப்பவர் தம்மையறியாமல் ஓட்டுநரின் முதுகின் மேல் சாய்ந்து எடையின் அந்த முன்சரிவை மேலும் கூட்டுகிறார். கைப்பிடிகளைப் பற்றிப் பின்னோக்கி அமரவும் கால்களை மிதிபலகையில் ஊன்றவும் இடமுள்ள வண்டியே இருவருக்கு ஏற்றது.

மலையடிவாரத்தில் தடம் கிளியர் கிரீக் பள்ளத்தாக்கை அடைகிறது. 1983-இல் எழுபதாம் எண் மாநிலங்களிடை நெடுஞ்சாலைக்காக மண் வெட்டியபோது, ஃப்ரீமாண்ட் பண்பாட்டு மக்களின் பெரிய குடியிருப்பு ஒன்று இங்கே வெளிப்பட்டது. அங்கு கிடைத்த பொருள்களையும் சுற்றியுள்ள பாறைச் செதுக்கல்களையும் பாதுகாக்க 1987-இல் ஃப்ரீமாண்ட் இந்தியன் மாநிலப் பூங்கா திறக்கப்பட்டது. ஆட்டின் கொம்பும் சுருள்வட்டமும் மனித உருவும் பொறித்த பாறைகளைக் காண்பதற்காக வண்டியை நிறுத்தும் இடம், ஏர் ஃபில்டரைத் திறந்து பார்ப்பதற்கும் ஏற்ற இடமாகும். முன்னால் செல்லும் வண்டி கிளப்பும் புழுதி மாவுபோல் நுண்ணியது. ஃபில்டரைக் கடந்து அது இஞ்சினுக்குள் சென்றால் பிஸ்டன் வளையங்கள் விரைவில் தேய்ந்துவிடும். ரேடியேட்டரின் இதழ்களில் சேறு அப்பியிருந்தால் வெப்பமானி தாழ்ந்த வேகத்திலேயே ஏறத் தொடங்கும். காற்று உறிஞ்சும் குழாய் உயரத்தில் இருப்பதும், ஃபில்டர் பெட்டியைக் கருவியின்றி கையாலேயே திறக்க முடிவதும், விற்பனை விளம்பரங்களில் இடம்பெறாத நல்ல இயல்புகள்.

பாவண்ட் மலையைச் சுற்றிக் கிழக்கே வந்தால், வட்டாரத்தின் பெரிய ஊரான ரிச்ஃபீல்டை அடையலாம். உதிரிப் பாகமும் பழுது பார்க்கும் கடையும் அருகில் உள்ள நிறுவனத்தின் வண்டியை வாங்குவது, சிறந்ததாகப் பேசப்படும் தொலைதூர நிறுவனத்தின் வண்டியை வாங்குவதைவிட மேல் என்ற பழைய அறிவுரை இங்கே பொருள்படுகிறது. இரண்டாம்கை வண்டியைப் பார்ப்பவர், ஓடிய மைல்களோடு இஞ்சின் ஓடிய மணிகளையும் காட்டும் மீட்டரைக் கவனிக்க வேண்டும். 3,000 மைலை 300 மணிநேரத்தில் கடந்த வண்டி, மணிக்குப் பத்து மைல் சராசரியில் ஊர்ந்தே உழைத்திருக்கிறது என்று பொருள். ஃபில்டருக்கு அப்பாலுள்ள குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் புழுதி ஒட்டினால் இஞ்சின் மண்ணைத் தின்றிருக்கிறது. ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங்கின் தளர்ச்சியும், ஆக்சிலின் முனைகளை மூடியிருக்கும் ரப்பர் உறையில் வெடிப்பு இருந்தால் உள்ளே மண் புகுந்திருப்பதும் தெரியவரும்.

ரிச்ஃபீல்டிலிருந்து தெற்கே, ஆஸ்பன் மரங்கள் அடர்ந்த மன்ரோ மலையின் வழியாகத் தடம் மேரிஸ்வேலுக்குத் திரும்புகிறது. இப்பகுதியில் ஏற்றம் மிதமானது, பரிசோதனைக்குள்ளாவது டயர். ஏடிவி டயர்களில் காற்று சதுர அங்குலத்திற்கு ஐந்து முதல் ஏழு பவுண்டு அளவிலேயே இருப்பதால் அவை கல்லின் மேல் படிந்து பிடிக்கின்றன. இருவர் ஏறும்போது உற்பத்தியாளர் குறித்த கூடுதல் அழுத்தத்தை நிரப்பாவிட்டால், டயரின் பக்கச்சுவர் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே நசுங்கிக் கிழியும். பஞ்சர் ஒட்டும் பொருள்களும் சிறிய பம்பும் இல்லாத வண்டி, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாயினும், நம்பத்தக்கதாகாது.

வளையத்தை முழுதும் சுற்றியபின், தேர்வின் வரிசை தெளிவாகிறது. முதலில் செல்ல விரும்பும் தடத்தின் அகலத்தை வரைபடத்தில் பார்க்க வேண்டும். அடுத்து இருவரின் எடையையும் சாமானின் எடையையும் கூட்டி, வண்டியின் வரம்போடு ஒப்பிட வேண்டும். பின்னர் அந்தப் பாரத்தோடு ஓர் இறக்கத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இஞ்சினின் பலம் நான்காவதாக வந்தால் போதும். குறுகிய கிளைத்தடங்களை விரும்புவோருக்கும், இருவரும் உடலை வளைத்து ஓட்டத்தில் பங்கெடுக்கத் தயங்காதோருக்கும் இருவருக்கான நீண்ட ஏடிவி ஏற்றது. பின்னிருக்கையில் நெடுநேரம் அமர இயலாதவரோடு செல்வோருக்கும், கூண்டின் காப்பை நாடுவோருக்கும் 50 அங்குல சைடு-பை-சைடு பொருந்தும். பிரதான வளையத்தோடு நின்றுவிடுவோர் அதைவிட அகன்ற, கவிழும் அச்சம் குறைந்த வண்டியைத் தயங்காமல் வாங்கலாம். ஒருவருக்கான ஏடிவியில் இருவர் ஏறுவது மட்டும் எந்தத் தடத்திற்கும், எந்த விலைக்கும் தகாத தேர்வாகும். வாங்க வருவோரிடம் விற்பனையாளர் முதலில் சொல்லவேண்டிய செய்தியும் அதுவே.